நீலகிரியில் பார்வை இழந்தோருக்கும் பார்வை குறைந்தோருக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகாவிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் பார்வை குறைந்த ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள், மீதிப் பேர் தங்களுக்காகவே கேட்பவர்கள். உதவிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவை ஊட்டியிலும் கோயம்புத்தூரிலும் உட்கார்ந்திருக்கின்றன. கிண்ணக்கொரையிலிருந்தோ சேரம்பாடியிலிருந்தோ ஒரு கையெழுத்துக்காகக் கிளம்பி வந்து, "போட்டோ கொண்டு வரலியா, நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால், இரண்டு பேருடைய ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. அதனால் கீழே உள்ள பதில்களில் எந்தத் திட்டம் என்பதைவிட, எந்தக் காகிதத்தோடு எங்கே போனால் ஒரே நடையில் வேலை முடியும் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. முதலில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போடலாமா?

வேண்டாம். முதலில் கண் டாக்டர், அப்புறம்தான் அட்டை, பென்ஷன், பஸ் பாஸ் எல்லாம். வயதானவர்களில் "கண்ணே தெரியல" என்று வருகிற நிறையப் பேருக்கு இருப்பது கண்புரை, இல்லையென்றால் கண்ணாடி போட்டால் சரியாகிற குறை. சரிசெய்யக்கூடிய குறைக்கு ஊனச் சான்று தர மாட்டார்கள். "ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நடை வீண்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் வரும் நாள் எது என்று கேளுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கு அது தெரிந்திருக்கும். அவர் எழுதிக் கொடுத்தால் தாலுகா அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பாட்டிக்கு எண்பது வயது. இந்த வயதில் கண்புரை ஆபரேஷன் எதற்கு என்கிறார்கள்.

எண்பது வயதில்தான் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு உடைகிறது. மலை வீட்டுப் படிக்கட்டில் கண் தெரியாமல் இறங்குவதைவிட அந்த ஆபரேஷன் எவ்வளவோ பாதுகாப்பானது. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, உள்ளே மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு செய்வார்கள். வயது ஒரு தடை கிடையாது.

செலவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-லிருந்தே இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை இலவசம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்ததும் அதே 1976-தான். இன்று கோவையில் அரவிந்தும் இருக்கிறது, சங்கராவும் இருக்கிறது. இந்த மாதிரி மருத்துவமனைகள் நடத்தும் கண் முகாம்களில் சோதித்து, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை வண்டியில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, லென்ஸ் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முகாம் அன்று ஆதார் அட்டை, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, மாற்றுத் துணி, ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கே அழைத்துப் போனாலும் போவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் வேண்டும். சொட்டு மருந்து நான்கிலிருந்து ஆறு வாரம் வரை போகும். டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. விறகடுப்பு முன்னால் உட்காரக் கூடாது. குளிருக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து பழகிய பாட்டிகளை அங்கிருந்து எழுப்புவதுதான் பெரிய பாடு.

கவாத்து வெட்டும்போது குச்சி கண்ணில் அடித்துவிட்டது. நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டோம், தாய்ப்பாலும் விட்டோம். சிவப்பு போகவில்லை.

இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். இலை, குச்சி, மண் பட்ட கண்ணில் பூஞ்சை புகுந்தால் கருவிழியில் புண் வரும். அது வேகமாகப் பரவும், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். சாறு, பால், விளக்கெண்ணெய் எல்லாம் புண்ணுக்குக் கிருமியைத்தான் கூட்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சைப் புண் இன்னும் மோசமாகும். நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தமும் ஏறும். சுத்தமான தண்ணீரில் கழுவி, கண்ணை அழுத்திக் கட்டாமல், அன்றைக்கே அல்லது மறுநாள் காலைக்குள் கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

"இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதானா?

மருந்தாலும் கத்தியாலும் இனி பார்வையைக் கூட்ட முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். என்ன நோய் என்று அவரிடமே பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து என்ன செய்வது என்பது அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

கண் அழுத்த நோய் என்றால், போன பார்வை வராது, ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்தை ஆயுளுக்கும் விட வேண்டும். "பார்வை வரலியே" என்று நிறுத்திவிடுபவர்கள்தான் முழுதாக இழக்கிறார்கள். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயது தாண்டியிருந்தால் அவர்களும் ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால், அடுத்த கண்ணுக்கு வருடம் ஒருமுறையாவது கண் பாப்பாவை விரித்துச் சோதனை செய்ய வேண்டும். சின்ன வயதிலேயே மாலை வந்தால் தடுமாறி, வருடம் போகப் போகப் பக்கவாட்டுப் பார்வை குறுகிக்கொண்டே வந்தால், அது பரம்பரை விழித்திரை நோயாக இருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இதை அதிகம் பார்க்கிறோம்.

பெரிய கண் மருத்துவமனைகளில் 'குறைபார்வைப் பிரிவு' என்று ஒன்று உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி, கையில் பிடிக்கும் லென்ஸ், எழுத்தைப் பெரிதாக்கும் கருவி எல்லாம் அங்கே போட்டுப் பார்த்து வாங்கலாம். டாக்டர் கைவிரித்த பிறகு அந்தப் பிரிவுக்குப் போய்விட்டு வந்து, பேப்பர் தலைப்பைத் தானே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

கண் தானம் கிடைத்தால் மாற்றிவிடலாமா?

முழுக் கண்ணை மாற்றுகிற சிகிச்சை எதுவும் வழக்கத்தில் இல்லை. மாற்றுவது முன்னால் இருக்கும் கருவிழியை மட்டும்தான். கருவிழித் தழும்பால் பார்வை போனவர்களுக்கு அது பயன்படும். கண் நரம்போ விழித்திரையோ கெட்டவர்களுக்குப் பயன்படாது. தானம் செய்ய விரும்பினால், இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மலையில் அந்த ஆறு மணி நேரம் பாதையிலேயே போய்விடும் என்பதால், கண் வங்கிக்கு உடனே போன் போட வேண்டியது முக்கியம்.

ஒரு கண் சுத்தமாகத் தெரியாது, இன்னொன்று நன்றாகத் தெரியும். அட்டை கிடைக்குமா?

சான்று கிடைக்கும், ஆனால் 30 சதவீதம்தான் போடுவார்கள். பென்ஷன், இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல கண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் 3/60-க்குக் கீழே இருந்தால் பார்வையின்மை. அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை இவர் 3 மீட்டருக்கு வந்தும் சரியாகப் பார்க்க முடியாத நிலை. 6/18-க்குக் கீழே தொடங்கி 3/60 வரை குறைபார்வை.

எழுத்துப் பலகை நன்றாகத் தெரிந்தாலும் பக்கவாட்டுப் பார்வை குறுகியிருந்தால் அதற்கும் கணக்கு உண்டு. பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே வந்தால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. இதைத் தனியாக ஒரு கருவியில் சோதிக்க வேண்டும். கேட்காவிட்டால் சில நேரம் விட்டுப்போகும், ஆகவே "ஃபீல்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று நீங்களே கேளுங்கள்.

யூடிஐடி அட்டை எப்படி வாங்குவது?

நாடு முழுக்கச் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டை இது. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலோ, தெரிந்த பிள்ளைகளின் போனிலோ செய்யலாம். ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கையெழுத்து அல்லது கைரேகை, ஓடிபி வரும் போன் எண், பழைய ஊனச் சான்று இருந்தால் அது. இவ்வளவுதான்.

இதில் போன் எண்தான் ஆளைக் கவிழ்க்கும். பக்கத்து வீட்டுப் பையன் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவன் வேலைக்குத் திருப்பூர் போன பிறகு ஓடிபி கேட்டு அலைகிற குடும்பங்கள் நிறைய. வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவர் எண்ணையே கொடுங்கள். பதிவு செய்த ரசீதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மருத்துவமனையில் கண் டாக்டர் சோதித்துச் சதவீதம் போடுவார். எந்தக் கிழமை சோதனை நடக்கிறது, அன்று டாக்டர் லீவில் இல்லையா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்து உறுதிசெய்த பிறகு பஸ் ஏறுங்கள். அட்டை தபாலில் வரும். அதற்குள் அவசரம் என்றால் இணையத்திலேயே மின் அட்டையைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

பென்ஷன் எவ்வளவு? 2,000 என்கிறார்களே?

இரண்டு வேறு உதவிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மாதம் 2,000 ரூபாய் என்பது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்ற சில பிரிவினருக்கானது. பார்வைக் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். அது 1,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து 1,500.

இதற்கு ஊட்டி வர வேண்டாம். இ-சேவை மையத்தில் பதிந்தால் உங்கள் தாலுகா ஆபீஸுக்குப் போகும், விஏஓ விசாரணைக்கு வருவார். அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் தயாராக இருக்கட்டும். வேறு பென்ஷன் ஏற்கெனவே வாங்கினால் இரண்டும் சேர்த்துக் கிடைக்காது.

ஊட்டிக்கு ஒருமுறைதான் வர முடியும். அன்று என்னென்ன முடிக்கலாம்?

வந்தால் திங்கட்கிழமை வாருங்கள். அன்று கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அதே நாளில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடக்குக் கோல், கறுப்புக் கண்ணாடி, பிரெயில் கைக்கடிகாரம், படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடலாம். படிப்பவர்களுக்கும் சுயதொழில் செய்பவர்களுக்கும் பேசும் மென்பொருள் உள்ள ஸ்மார்ட்போன் தரும் திட்டமும் உண்டு. இருப்பு இருக்கிறதா, வரிசை எவ்வளவு என்று விசாரியுங்கள். பார்வையற்றவரைக் கல்யாணம் செய்பவருக்கான திருமண உதவியும் இதே அலுவலகம்தான்.

எல்லாக் காகிதத்திலும் ஐந்து ஜெராக்ஸ், எட்டு போட்டோ, ஒரு பிளாஸ்டிக் கவர். மழையில் நனைந்த ரேஷன் கார்டை விரித்துக் காட்டி யாரும் ஜெயித்ததில்லை.

இன்னொரு விஷயம். ஆபீஸில் பேசும்போது கூட வந்தவரைப் பார்த்தே "இவருக்கு எத்தனை வயசு?" என்று கேட்பார்கள். "அவரையே கேளுங்க சார்" என்று சொல்லிவிடுங்கள்.

பஸ், ரயில் சலுகை?

அரசுப் பேருந்தில் வேலைக்கும் படிப்புக்கும் சிகிச்சைக்கும் போய்வரக் கட்டணமில்லாப் பாஸ் உண்டு. தமிழ்நாட்டுக்குள் தொலைதூரம் போனால் கால் பங்குக் கட்டணம் கொடுத்தால் போதும், துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே. அசல் அட்டை கையில் இருக்க வேண்டும்.

ரயிலில் சலுகை முற்றிலும் பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும். குறைபார்வைக்குக் கிடையாது, இதை நினைவில் வையுங்கள். இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதம் தள்ளுபடி, துணையாளுக்கும் சேர்த்து. ரயில்வே தனியாக ஒரு அடையாள அட்டை தருகிறது. அது இருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னை போகிறவர்கள் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளையை மலையிலிருந்து இறக்கி ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பக்கத்து அரசுப் பள்ளியிலேயே சேர்க்கலாம், "எங்களால் முடியாது" என்று தலைமையாசிரியர் மறுக்க முடியாது. ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வந்து சொல்லிக்கொடுப்பதும், தேவைப்பட்டால் வீட்டுக்கே வருவதும் அவர்கள் வேலை. ஆனால் ஒரு ஆசிரியர் எத்தனை ஊர் சுற்றுவார்? மழைக்காலத்தில் அய்யன்கொல்லிப் பக்கம் அவர் வருவது அபூர்வம்தான்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மிச்சப் பார்வையில் பெரிய எழுத்துப் படிக்க முடிகிற பிள்ளை ஊரிலேயே படிக்கட்டும். முழுதாகப் பார்வை இல்லாத பிள்ளைக்குப் பிரெயில் வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும் பிரெயிலில் விரல் பழக, அதே போலப் படிக்கிற பிள்ளைகளோடு சில வருடம் இருப்பது பெரிய உதவி. பூந்தமல்லி, திருச்சி, தஞ்சாவூரில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. எழுதப் படிக்கப் பழகிய பிறகு ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி வரலாம். ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வர மனசு வராது என்பது புரிகிறது. அதற்காகப் பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் பிள்ளைக்குச் செய்கிற பெரிய கெடுதல்.

பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் நடக்காது, பள்ளி திறந்தவுடனே எழுதிக் கொடுங்கள். மேல்படிப்பில் 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு.

வெள்ளைக் கோலை வைத்துக்கொண்டு மலைப் பாதையில் நடக்க முடியுமா?

முடியும், ஆனால் பயிற்சிப் புத்தகத்தில் உள்ளபடி நடந்தால் முடியாது. தோள் அகலத்துக்குக் கோலை இடவலமாகத் தட்டி நடப்பது நகரத்து நடைபாதைக்குச் சரி. நம் ஊர்ப் பாதையில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு, நடுவில் கல்லும் வேரும், மழை பெய்தால் சேறு.

மேட்டுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் முதல் பாடம். தடுப்புச் சுவரோ, தேயிலைச் செடியின் ஓரமோ, மண் திட்டோ எது இருந்தாலும் புறங்கை அதை உரசிக்கொண்டே போகட்டும். கோல் சரிவுப் பக்கத்தைத் தேடட்டும். தட்டித் தூக்காமல் நுனி தரையிலேயே இழுபட்டுக்கொண்டு போனால், பாதை எங்கே முடிகிறது என்பது முன்கூட்டியே கைக்குத் தெரியும். உருளும் நுனி தார் ரோட்டுக்கு நன்றாக இருக்கும், தோட்டப் பாதையில் சேறு அப்பி நின்றுவிடும். நிற்கும்போது நெஞ்சுக் கூட்டின் நடுவரை வரும் உயரம் என்பது கோலுக்குச் சாதாரணக் கணக்கு. இறக்கத்தில் இன்னும் ஒரு சாண் நீளம் இருந்தால் நல்லது, ஏனென்றால் அடுத்த படி கீழே இருக்கிறது, கோல் அதை எட்ட வேண்டும். இலவசமாக வரும் மடக்குக் கோல் சிலருக்குக் குட்டையாக இருக்கும். வாங்கும்போதே எழுந்து நின்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கூட நடப்பவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே பார்வை இல்லாதவர் பிடித்துக்கொண்டு, ஒரு அடி பின்னால் வரட்டும். ஒற்றையடிப் பாதை வந்தால் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போங்கள், அதிலிருந்தே அவர் புரிந்துகொண்டு நேர் பின்னால் வந்துவிடுவார். படிக்கு முன்னால் ஒரு கணம் நின்று "ஏற்றம்", "இறக்கம்" என்று ஒரு சொல் போதும். "பாத்து, பாத்து" என்று கத்துவது எதற்கும் உதவாது.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. பார்வை இல்லாதவர்கள் ஊரைக் காதால்தான் அறிகிறார்கள்: ஓடைச் சத்தம், ஃபேக்டரி இரைச்சல், கோயில் மைக், மாட்டுக் கொட்டகை. தேவாலாப் பக்கம் ஜூனில் மழை பிடித்துத் தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தால் இந்த அடையாளம் அத்தனையும் அழிந்துவிடும். தினம் போகிற கக்கூஸுக்கே வழி தவறும். வாசலிலிருந்து கக்கூஸ் வரை இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டிவிடுங்கள். திருப்பத்தில் ஒரு முடிச்சு, படி வரும் இடத்தில் இரண்டு முடிச்சு. எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாத உதவி இது.

யானை, காட்டு மாடு நடமாட்டம் இருக்கிறதே?

இருட்டிலும் விடிவதற்கு முன்னும் தனியாக வெளியே போகவே வேண்டாம், கண் தெரிந்தவர்களுக்கும் இதே பதில்தான். வீட்டுக்குள்ளேயே இரவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பகலில் புறப்படும் முன் வழியில் ஏதாவது நிற்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போகிற பழக்கம் வேண்டும்.

வீட்டுக்குள் என்ன மாற்ற வேண்டும்?

முதலில் எதையும் இடம் மாற்றாதீர்கள். தேயிலைத் தோட்ட லைன் வீட்டின் ஒன்றரை அறையில் எங்கே எது இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். விருந்தாளி வந்தார் என்று குடத்தை வாசலில் வைத்தால் அதில்தான் இடறுவார்.

மிச்சப் பார்வை உள்ளவர்களுக்கு நிறம் உதவும். வெள்ளைச் சோறு எவர்சில்வர் தட்டில் தெரியாது, கரும்பச்சைத் தட்டிலோ வாழை இலையிலோ தெரியும். படிக்கட்டு ஓரத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. விளக்கு கண்ணில் அடிக்காமல், தோளுக்குப் பின்னாலிருந்து வேலை செய்யும் கையில் விழட்டும். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. இரண்டு கண் மருந்து பாட்டில் ஒரே மாதிரி இருந்தால் அதற்கும் இதே வித்தைதான்.

பார்வை போனவர் அடுப்பில் வேலை செய்யலாமா?

செய்யலாம். சேலை முந்தானையைச் செருகிவிட்டு, பாத்திரத்தை முதலில் வைத்து, அப்புறம் பற்ற வைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் சிக்னல் இல்லை. பேசும் போன் வாங்கி என்ன பயன்?

திரையில் உள்ளதை வாசிக்கும் டாக்பேக் வசதி ஆண்ட்ராய்டு போன்களிலேயே வருகிறது, தனியாக வாங்க வேண்டாம். பெரும்பாலான போன்களில் சத்தம் கூட்டும் குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் பேச ஆரம்பிக்கும். சிக்னல் உள்ள இடத்துக்கு, ஊட்டி வரும் அந்தத் திங்கட்கிழமைக்கே, போனைக் கொண்டுவந்து தமிழ்க் குரலைத் தரவிறக்கிவிட்டால், அதன் பிறகு நெட் இல்லாமலே தமிழில் வாசிக்கும். கம்ப்யூட்டர் திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் இலவசம். சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-லிருந்து இருக்கிறது. அதிலிருந்தும் புத்தகங்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

போன் பழகுவது முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். பேரப் பிள்ளைகள் அவசரப்பட்டு "குடு தாத்தா, நான் பண்றேன்" என்று பிடுங்காமல் இருந்தால் தாத்தா தானே கற்றுக்கொள்வார்.

கூலிப் பணத்தை எண்ணி வாங்கும்போது ஏமாற்றிவிடுகிறார்கள்.

நோட்டைக் கையால் அறியலாம். புதிய நோட்டுகளின் அகலம் ஐம்பதிலிருந்து ஐந்நூறு வரை ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளம்தான் வேறு: ஐம்பது 135, நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. நூறுக்கும் இருநூறுக்கும் வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர், இரண்டையும் சேர்த்து வைத்து ஓரத்தைத் தடவினால்தான் பிடிபடும். அதோடு நூறிலிருந்து மேலே இரு பக்க ஓரத்திலும் புடைத்த சாய்கோடுகள் இருக்கும்: நூறில் நான்கு, இருநூறில் நான்கு கோட்டுக்கு நடுவே இரண்டு வட்டம், ஐந்நூறில் ஐந்து. பழைய நோட்டில் இந்தப் புடைப்பு தேய்ந்துபோயிருக்கும்.

அப்போது ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி உதவும். நோட்டைக் கேமரா முன்னால் பிடித்தால் மதிப்பைச் சொல்லும், நெட் தேவையில்லை. வீட்டுக்கு வந்தவுடன் ஐந்நூறை நீளவாக்கில் மடித்து, இருநூறைக் குறுக்காக மடித்து, நூறை மடிக்காமல் வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை.

பேங்கில் ஏடிஎம் கார்டு தர மாட்டோம், கூட்டுக் கணக்காக மாற்று என்கிறார்கள்.

தர மறுக்க முடியாது. செக் புத்தகம், ஏடிஎம், லாக்கர், கடன் எதையும் பார்வை இல்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மேனேஜரிடம் "மறுப்பதாக எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும்.

ஓட்டுப் போட?

18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துப் போகலாம். இயந்திரத்தில் பிரெயில் எண்களும் உண்டு, படிக்கத் தெரிந்தவர் தானே போடலாம்.

ஆதிவாசி ஊர்களுக்கு இதெல்லாம் போய்ச் சேர்கிறதா?

குறைவாகத்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகளும் வாழும் மாவட்டம் இது. பணியர் பாடிகளில் (குடியிருப்புகளில்) வயதானவர்கள் பலரிடம் ஆதாரில் வயது ஒன்று, ரேஷன் கார்டில் வேறு. அதைச் சரிசெய்யாமல் எந்த விண்ணப்பமும் நகராது. தவிர, கண் டாக்டர் கேட்பது அவர்களுக்குப் புரிய வேண்டும், அவர்கள் சொல்வது டாக்டருக்குப் புரிய வேண்டும். அந்த மொழி பேசும் ஒருவர் கூடப் போனால் நோய் விவரம் தெளிவாக வரும். கூடலூரில் அஸ்வினி என்ற அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் 1958-லிருந்து இயங்கும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் இதற்கு நல்ல தொடக்க இடங்கள். அங்கே ஊர்க்காரர்களே சுகாதாரப் பணியில் இருக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பார்வை போனதிலிருந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் பேசுவதில்லை.

துக்கம்தான் அது, கொஞ்ச காலம் விடுங்கள். ஆனால் வேலையைப் பிடுங்கிவிடாதீர்கள். பூண்டு உரிப்பது, மாட்டுக்குப் புல் வைப்பது, கேரட் கழுவுவது, கதவைப் பூட்டிச் சாவி வைத்திருப்பது என்று அவர் செய்து வந்த ஏதோ ஒன்று அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். தோட்டக் கணக்கை இன்னும் அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே பார்வை இழந்து நடமாடும் இன்னொருவரை வீட்டுக்கு அழைத்து வந்து பேசவிட்டால், நாம் ஆறு மாதம் சொல்லாததை அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். மாதக்கணக்கில் சாப்பாடு தூக்கம் இல்லாமல் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

மனுக் கொடுத்தோம், பதிலே இல்லை. அடுத்து?

திங்கட்கிழமை கொடுத்த மனுவுக்கு எண் போட்ட ரசீது வாங்கினீர்களா? அது இல்லாமல் அடுத்த முறை எங்கேயும் பேச முடியாது. ரசீது இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது மனு, அதன் பிறகு சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தபாலில் ஒரு நகல். சட்டப்படி போக வேண்டிய நிலை வந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதை அந்தப் பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு வையுங்கள்.